வேலியோரத்து அஸ்பராகஸ்

மண்வெட்டியை ஓங்கியதும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டாத மக்கா. அது வெரல் மாதிரி இருக்கும், முறிஞ்சு போவும். சுத்தியும் தோண்டு."

கேரள எல்லையோரத்துக் காஞ்சிரங்குளத்தில் தை மாதம். வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் ஓய்ந்து மண் இறுகத் தொடங்கியிருந்தது. வீட்டு விளையின் மேற்கு வேலியில் ஒரு சீமைக்கொன்றை மரம். அதன்மேல் பச்சைப் புகை படிந்ததுபோல ஒரு கொடி. தூரத்திலிருந்து பார்த்தால் மென்மை, கைவைத்தால் முள். கொடியின் அடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வட்டம் போட்டு, வெட்டுக்கத்தியின் முனையால் மண்ணைக் கிளறிக் கையால் அள்ளினோம். அரை மணி நேரத்தில் முதல் விரல் தெரிந்தது. வெள்ளையாக, இருமுனையும் கூம்பி, ஒரு சாண் நீளம். அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் அடியில் நாலைந்து. எல்லாம் மேலே ஒரு கைப்பிடியளவு கட்டையில் போய்ச் சேர்ந்தன. எண்ணத் தொடங்கி எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கை தவறி முறிந்த ஒரு கிழங்கிலிருந்து வழவழப்பாக நீர் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குக் கிழக்கே இந்தச் செடிக்குத் தண்ணீர்விட்டான் என்று ஏன் பெயர் வந்தது என்று அதற்குமேல் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

தாவரவியலில் இதன் பெயர் அஸ்பராகஸ் ரெசிமோசஸ். பெரிய ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டில் ரப்பர் வளையம் போட்டு, குளிர்பெட்டியில் நிற்கவைத்து விற்கிறார்களே பச்சைத் தண்டு, அந்த அஸ்பராகஸ் அஃபிசினாலிஸின் நேர் பங்காளி. ஒரு கட்டு வாங்கும் காசில் சந்தையில் ஒரு வாரத்துக்குக் காய் வாங்கிவிடலாம். அந்தத் தண்டை வீட்டிலேயே வளர்க்க முடியாதா என்ற கேள்வியோடுதான் நானும் தொடங்கினேன். வேலியில் நின்ற பங்காளியைக் கவனித்தது பிறகுதான்.

முதலில் நடந்தது இது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்தான். அந்த நாட்டில் வசந்தம் பிறந்தால் ஊரே இந்தத் தண்டுக்கு அலையும். மண்ணை மேலே மேலே அணைத்து வெயில் படாமல் வளர்த்த வெள்ளைத் தண்டுக்குத்தான் அங்கே மதிப்பு. ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். ஏன் அந்த நாளோடு நிறுத்துகிறார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி தொடங்கும் நேரத்தில் விதை போட்டோம். மூன்று வாரத்தில் முளைத்து, மயிலிறகின் ஓரம் போல மெல்லிய பச்சையாக நின்றது. துலாவர்ஷத்தில் பாதி அழுகியது. சன்சைடுக்கு அடியில் குரோபேக்கில் இருந்தவை மட்டும் பிழைத்தன. இரண்டாம் ஆண்டு தண்டு வந்தது. மூன்றாம் ஆண்டும் வந்தது. ஒவ்வொன்றும் தென்னை ஈர்க்கு அளவு.

"இத வச்சு வாரியல்தான் கெட்டலாம்" என்றார் சித்தி.

ஈர்க்கு ஏன் விரலாகவில்லை என்பதற்கான பதில் மண்ணுக்கு மேலே இல்லை.

அஸ்பராகஸ் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீரைத்தண்டில் இலை இருக்கும், முருங்கைக் குருத்தில் இலை இருக்கும். இதில் முக்கோணச் செதில்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலைப் பிடித்து உணவு செய்யும் உறுப்பு எதுவும் இன்னும் விரியவில்லை. அப்படியானால் இத்தனை சதை எங்கிருந்து வந்தது? முழுக்க முழுக்க வேரிலிருந்து. போன பருவத்தில் இந்தச் செடி தழைத்து நின்றபோது வெயிலில் சமைத்த சர்க்கரை அத்தனையும் வேருக்கு இறங்கி அங்கே கிடக்கிறது. மரச்சீனியும் உருளையும் போல மாவுச்சத்தாக அதைச் சேர்த்துவைப்பதில்லை. ஃபிரக்டான் என்ற வடிவில் வைக்கிறது. பழச்சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தது ஃபிரக்டான். மாவுச்சத்து நீரில் கரையாது, மணியாக உறைந்துகிடக்கும். ஃபிரக்டான் நீரில் கரைந்தபடியே இருக்கும். அதனால் ஒரு வசதி: வேரை நசுக்கி இரண்டு சொட்டுச் சாறு எடுத்து, கரும்பு ஆலையில் சர்க்கரை அளக்கும் கண்ணாடிக் கருவியில் விட்டால் இருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நியூசிலாந்தில் இதையே ஒரு முறையாக்கி, இந்த ஆண்டு எத்தனை நாள் தண்டு வெட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று விவசாயிகள் கணக்குப் பார்க்க வழிசெய்தார்கள். ஜெர்மன்காரர்களின் ஜூன் 24ம் இதே கணக்குதான், கருவி இல்லாமல் போட்டது. அதற்குமேல் வெட்டினால் வேரில் இருப்பு தீரும், அடுத்த ஆண்டு தண்டு வராது.

இனி குளிரின் பங்கு. ஐரோப்பாவில் இலையுதிர்காலம் முடிந்து வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும்போது மேலே உள்ள தழை மஞ்சளாகிக் காய்கிறது. காய்வதற்கு முன் கைவசம் இருந்ததை வேருக்கு அனுப்பிவிடுகிறது. மூன்று நான்கு மாதம் ஒரு மொட்டும் அசைவதில்லை. செலவே இல்லாத மாதங்கள். வசந்தத்தில் மண் சூடானதும் எல்லா மொட்டும் ஒன்றாக விழிக்கின்றன. நிறைந்த கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் எடுப்பதால் தண்டு கட்டைவிரல் தடிமனில் வருகிறது. சூடான நாளில் ஒரே பகலில் ஒரு சாண் ஏறிவிடும்.

காஞ்சிரங்குளத்தில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். செடிக்கு யாரும் "தூங்கு" என்று சொல்வதில்லை. வாரம் ஒரு மொட்டு விழிக்கிறது, இருப்பில் கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது, தழைக்கிறது, கொஞ்சம் திருப்பிப் போடுகிறது. மாதச் சீட்டு கட்டாமல் அன்றாடம் கிடைத்ததை அன்றாடம் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஓணத்துக்குக் கோடி எடுக்க மொத்தமாகக் காசு சேர்வதில்லை அல்லவா, அந்தக் கதை. என் ஈர்க்குத் தண்டுகள் ஒவ்வொன்றும் அன்றாடச் செலவு.

வெப்பநாடுகளில் இதற்கு இரண்டு தந்திரங்கள் உண்டு. பெருவின் கடலோரம் பாலைவனம்; அங்கே மழை என்று ஒன்று கிடையாது, ஆண்டெஸ் மலைநீரும் நிலத்தடி நீரும்தான். நீரை நிறுத்தினால் செடி காய்ந்து உறங்குகிறது. திரும்பவும் விட்டால் விழிக்கிறது. குழாயின் திருகை வைத்துக்கொண்டு பனிக்காலத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். உலகுக்கு அஸ்பராகஸ் ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் பெரு ஒன்றானது இப்படித்தான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: இக்கா பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போகிறது. தைவானும் தாய்லாந்தும் வேறு வழி பிடித்தன. ஒரு தூரில் மூன்று முதல் ஐந்து தண்டுகளை வெட்டாமல் வளரவிட்டு, அவை சம்பாதித்துப் போடப் போட, பக்கத்தில் முளைப்பதை மட்டும் வெட்டுவார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிழடான தாய்த்தண்டை நீக்கிப் புதியதை நிறுத்துவார்கள். மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் யாராவது பொட்டல விதையில் பிடிவாதமாக இருந்தால் இந்த இரண்டாவது வழிக்குப் போகலாம். பெருவின் வழி நமக்கு ஆகாது. இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டில் இரண்டு மழை கொட்டும் ஊரில் எந்தத் திருகை மூடுவது?

வேலியில் நிற்கும் பங்காளிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு மழையையும், மாசி பங்குனியின் காய்ச்சலையும் அது பல்லாயிரம் ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறது. மழையில் ஓடி ஏறுகிறது, வெயிலில் மஞ்சளாகி அடங்குகிறது. தண்டில் அது காசைப் போடுவதில்லை. முழுச் சேமிப்பும் விரல்களில். ஐரோப்பியர் சேமிப்பிலிருந்து வரும் செலவைச் சாப்பிடுகிறார்கள், நாம் சேமிப்பையே தோண்டிச் சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் உடம்பையும் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். கொடியில் "இலை" என்று நாம் நினைப்பது எதுவும் இலை கிடையாது. ஊசிபோல வளைந்து கொத்துக் கொத்தாக நிற்கும் பச்சைத் துண்டுகள் சின்னக் கிளைகள். இலையின் வேலையைக் கிளை எடுத்துக்கொண்டுவிட்டது. உண்மையான இலை சுருங்கி, கணுவில் ஒட்டிய காய்ந்த செதிலாகிவிட்டது. அந்தச் செதிலின் அடிப்பகுதிதான் நீண்டு இறுகி, பின்பக்கம் வளைந்த முள்ளாகிறது. பின்பக்கம் வளைந்திருப்பதில் விஷயம் இருக்கிறது. கொடி மேலே நழுவும்போது முள் தடுக்காது, கீழே சரியும்போது கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். என் சட்டைக்கும் அதே விதி பொருந்தியது.

சூப்பர் மார்க்கெட் பங்காளியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி சிவப்புப் பழம் காய்ப்பதில் சக்தியைச் செலவிடும், ஆண் செடி அதையும் தண்டில் போடும். ஆகவே வணிகப் பண்ணைகளில் முழுக்க ஆணாகவே முளைக்கும் கலப்பு விதைகளுக்குக் கிராக்கி. 2017ல் அதன் மரபணுத் தொகுப்பைப் படித்தவர்கள், ஆணா பெண்ணா என்பதை Y குரோமோசோமில் உள்ள இரண்டே மரபணுக்கள் தீர்மானிப்பதைக் கண்டார்கள். ஒன்று பெண்மையை அடக்குகிறது, மற்றது மகரந்தம் உருவாக உதவுகிறது. நம் வேலிக்கொடியில் அந்தப் பிரிவினை இல்லை. மணமுள்ள சின்ன வெள்ளைப் பூ ஒவ்வொன்றிலும் இரண்டும் இருக்கின்றன.

குடும்பத்தைக் கேட்டால் இன்னும் வியப்பு. முன்பு இதை லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டிஎன்ஏ ஒப்பீடு வந்த பிறகு, 2009 வகைப்பாட்டில் அஸ்பராகஸ் பெயரிலேயே பெரிய குடும்பம் அமைந்தது. மாலை கட்டும் நிலச்சம்பங்கி, ரயில் பாதை ஓரத்து ஆனைக்கற்றாழை, நார் உரிக்கும் மருள் எல்லாம் அதில் உறவு. சோற்றுக் கற்றாழை கிடையாது. பெயர்தான் கற்றாழை, குடும்பம் வேறு. கல்யாண மேடைப் பூங்கொத்தில் ரோஜாவுக்குப் பின்னால் செருகும் மெல்லிய பச்சை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அஸ்பராகஸ் சிட்டேசியஸ். "ஃபெர்ன்" என்று கடைக்காரர் சொல்வார். பெரணிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. காஞ்சிரங்குளம் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லையூரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாமன் மச்சான்கள். வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டையில் இரண்டும் கலந்து. கொடிக்கும் அதே நிலைமை. மார்த்தாண்டம் சந்தை நாட்டுமருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்று கேட்க வேண்டும், பாறசாலையில் சதாவரி. யாழ்ப்பாணத்தார் சாத்தாவாரி என்பார்கள். வடமொழியில் சதமூலி, நூறு வேருடையது. கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் ஏட்டறிவைக் கொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலில் இது "சதாவேலிக் கிழங்கு" ஆகியிருக்கிறது. வேலியில் வளர்வதால் யாரோ வேலி என்று சொல்ல, டச்சுக் காதில் அப்படி விழுந்திருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கிலாந்தின் சாமானியர் அஸ்பராகஸ் என்ற சொல் வாயில் நுழையாமல் பல காலம் "ஸ்பேரோ கிராஸ்", அதாவது சிட்டுக்குருவிப் புல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தாம்.

ஊரின் பெயரும் ஒரு செடிதான். காஞ்சிரம் என்றால் எட்டி மரம். எட்டிமரக் குளம். இந்த இரண்டு செடிகளின் உறவுக்காரர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பாரிஸ் நகர மருந்தாளர்களின் குப்பிகளுக்குள் போயிருக்கிறார்கள். 1818ல் பெல்லத்தியேவும் கவாந்துவும் எட்டிப் பேரினத்து விதைகளிலிருந்து ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சைப் பிரித்தார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு, 1806ல், வோக்கலின் என்பவரும் ரொபிக்கே என்ற இளைஞரும் அஸ்பராகஸ் சாற்றைச் சுண்டவைத்து ஆறவிட்டபோது அடியில் படிகங்கள் படிந்திருந்தன. வாயில் போட்டால் லேசான குளிர்ச்சி தரும் வெள்ளைப் பொருள். அஸ்பராகின் என்று பெயரிட்டார்கள். நம் உடலின் புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் மனிதர் முதலில் கண்டது இதைத்தான். அமினோ அமிலம் என்று ஒரு வகை உண்டு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த வெள்ளைப் படிகம் பிறகு இரண்டு இடங்களில் தலைகாட்டியது. 2002ல் சுவீடன் உணவுத்துறை, வறுத்த உருளைச் சிப்ஸில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் இருப்பதாக அறிவித்து உலகைக் கலக்கியது. அதே ஆண்டு காரணமும் பிடிபட்டது: உருளையில் உள்ள அஸ்பராகினும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேலான சூட்டில் சேரும்போது அது உருவாகிறது. வறுவல் சிவக்கச் சிவக்க அதுவும் கூடும். இன்னொரு இடம் குழந்தைகள் வார்டு. 1953ல் ஜான் கிட், கினிப்பன்றியின் இரத்தத் தெளிநீரைச் செலுத்தினால் எலிகளின் சில புற்றுக்கட்டிகள் கரைவதைக் கண்டார். எட்டாண்டு கழித்து ஜான் புரூம் அதன் காரணத்தைச் சொன்னார். அந்தத் தெளிநீரில் அஸ்பராகினை உடைக்கும் நொதி இருக்கிறது. நம் உடலின் சாதாரணச் செல்கள் தமக்கு வேண்டிய அஸ்பராகினைத் தாமே செய்துகொள்ளும். லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றின் செல்களுக்கு அந்தத் திறமை போதாது. இரத்தத்தில் மிதந்து வருவதை நம்பியே பிழைக்கின்றன. வரத்தை நிறுத்தினால் பட்டினி. பாக்டீரியாவிலிருந்து எடுத்த அஸ்பராகினேஸ் ஊசி இன்றும் அந்தக் குழந்தைகளின் சிகிச்சையில் முக்கியமான மருந்து. அதன் பெயருக்குள் ஒரு காய்கறி ஒளிந்திருப்பது ஊசி போடும் பலருக்கும் தெரியாது.

அஸ்பராகஸ் சாப்பிட்ட சிறிது நேரத்தில் சிறுநீரில் அடிக்கும் நாற்றத்துக்கு வேறு பொருள் காரணம்: கந்தகம் கலந்த அஸ்பராகுசிக் அமிலம் உடலில் சிதைந்து அந்த ஆவிகளாகிறது. 2016ல் ஏறக்குறைய ஏழாயிரம் பேரைக் கேட்ட ஓர் ஆய்வில் சுமார் அறுபது சதவீதம் பேர் அந்த நாற்றத்தை உணரவே இல்லை. மூக்கின் மரபணு வேறுபாடு. எங்கள் வீட்டிலும் கட்சி இரண்டாகப் பிரிந்தது, விவரம் வேண்டாம்.

வேலிக்கொடிக்கு வருவோம். இந்தக் கிழங்கைப் பற்றி நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது தாய்ப்பால். சித்த மருத்துவத்தில் தண்ணீர்விட்டான் நெய் உண்டு, கேரள ஆயுர்வேதக் கடைகளில் சதாவரி குளம் என்ற லேகியம் உண்டு. கிழங்கில் சதாவரின் என்றே பெயரிடப்பட்ட சபோனின்கள் இருக்கின்றன. உரித்த கிழங்கை நீரில் போட்டுக் கையால் கசக்கினால் சோப்பு போல நுரைப்பது அவற்றால்தான். ஆனால் பால் சுரக்கிறதா? 1996ல் தில்லி மருத்துவர்கள், பால் போதாத தாய்மாரை இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குச் சதாவரியும் மற்றதற்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. 2011ல் வெளியான இன்னொரு ஆய்வில் அறுபது தாய்மார். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் சதாவரி உண்டவர்களிடம் கூடிய அளவு, மற்றவர்களிடம் கூடியதைப் போல மும்மடங்குக்கும் மேல். இரண்டுமே சிறிய ஆய்வுகள், ஒன்றுக்கொன்று எதிர். என் கருத்தைக் கேட்டால், விஷயம் இன்னும் தீரவில்லை என்பேன். பிரசவித்த பெண்ணுக்கு மாமியார் மூன்று வேளையும் கவனித்துக் கிழங்கு இடித்துக் கொடுப்பதில், கிழங்கின் பங்கு எவ்வளவு, கவனிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசான காரியமில்லை. கர்ப்பிணிகளும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் டப்பா டப்பாவாக வாங்கி விழுங்க வேண்டாம்.

இனி நடவு. இதில் புதியவர்கள் எல்லாரும் செய்யும் ஒரு பிழையை நானும் செய்தேன். நல்ல கொழுத்த கிழங்காகப் பொறுக்கி மண்ணில் புதைத்துவிட்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன். முளைக்கவில்லை, தோண்டிப் பார்த்தால் கூழாகியிருந்தது. காச்சில் துண்டு முளைக்கும், சேனைத் துண்டு முளைக்கும், இது மட்டும் ஏன் முளைக்கவில்லை? உருளையும் சேனையும் காச்சிலும் தண்டின் உறவுகள். அவற்றின் உடம்பில் மொட்டு உண்டு. இது வேர். வேரில் மொட்டு கிடையாது. மொட்டெல்லாம் மேலே, விரல்கள் வந்து சேரும் அந்தக் கைப்பிடிக் கட்டையில். ஆகவே கட்டையைத்தான் பிரித்து நட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று மொட்டும், உடன் நாலைந்து விரலும் இருக்க வேண்டும். அந்த விரல்கள் கட்டுச்சோறு. புது வேர் விடும்வரை அதைத்தான் தின்று பிழைக்கும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். பழம் சிவந்ததும் பறித்து, சதையைக் கசக்கிக் கழுவி, கறுத்த விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட வேண்டும். தோல் தடித்தது, அதனால் எல்லாம் ஒன்றாக முளைக்காது. மூன்று வாரத்தில் சில, இரண்டு மாதத்தில் சில. பொறுமை இல்லாதவர் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்.

மண்தான் பெரிய காரியம். காஞ்சிரங்குளத்தின் மேட்டில் செம்மண், பூவாறு பக்கம் இறங்க இறங்க மணல். செம்மண் மழையில் ஊறிப் புளித்துக் கிடக்கும், அமிலத்தன்மை அதிகம். இந்தக் குடும்பத்துக்குப் புளிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. குழிக்கு ஒரு கைப்பிடி நீற்றுச் சுண்ணாம்பு போட்டுப் பத்து நாள் ஆறவிட்டு, அதன்பின் மக்கிய சாணி, அடுப்புச் சாம்பல், சகிரிச்சோறு என்று அங்கே சொல்லும் தென்னைநார்த் துகள் கலந்தோம். குழிக்குள் நடாமல் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. துலாவர்ஷத்தில் தண்ணீர் ஒரு நாள் தேங்கினால் போதும், விரல்கள் அழுகிவிடும். மேட்டைச் சுற்றிக் கதம்பையைக் கவிழ்த்து அடுக்கினால் மண் கரையாது. நடும் நேரம் இடவப்பாதியின் முதல் மழை. ஏறுவதற்குச் சீமைக்கொன்றைக் கம்பு ஒன்றை ஊன்றினால் அதுவும் வேர்பிடித்து உயிர்க்காலாகிவிடும். பாதி நிழல் தாராளம். மாடியில் வைப்பவர்கள் அகலத்தைவிட ஆழம் பார்த்துப் பை வாங்குங்கள்.

முதல் ஆண்டு தோண்டக் கூடாது. நான் கேட்டபோது சித்தி சொன்னது: "ரெண்டு மழ கழியட்டும் மக்கா. கொடி மஞ்சளிச்சாத்தான் கெழங்கு மூத்துதுன்னு அர்த்தம்." ஃபிரக்டான் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. தழை வற்றும்போது சத்து கீழே இறங்குகிறது என்ற கணக்கு மட்டும் கையில் இருக்கிறது.

தோண்டிய அன்று சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து உரித்தோம். கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கையுறை கழற்றுவதுபோல வரும். அதன்பின் நீளவாக்கில் கீறி, நடுவே ஓடும் நாரை இழுத்தெறிய வேண்டும். வேரின் நீர்க்குழாய்கள் எல்லாம் சேர்ந்த நரம்பு அது; விட்டுவிட்டால் எத்தனை வேகவைத்தாலும் பல்லில் சிக்கும். உரித்த கிழங்கு பார்க்க நுங்குபோலப் பாதி ஒளி ஊடுருவி, கடித்தால் நறுக்கென்று, முதலில் இனிப்பு, பின்னால் லேசான கசப்பு. இனிப்பு சர்க்கரைச் சங்கிலிகளுடையது, கசப்பு சபோனினுடையது. அந்தச் சங்கிலியை நம் குடலின் நொதிகளால் உடைக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் உண்ணும். ஒரே உட்காரலில் அதிகம் தின்றவர் இரவில் வயிற்றின் இரைச்சலைக் கேட்டுப் புரிந்துகொள்வார். விரல்களை வில்லைகளாக நறுக்கி, நல்லெண்ணெயில் பூண்டும் இஞ்சியும் காந்தாரி மிளகும் வதக்கி, வினாகிரி ஊற்றி ஊறுகாய் போட்டார் சித்தி. இலங்கையில் இதே இனத்தின் தழையை அரைத்துச் சிங்களவர் ஹாத்தாவாரிய கஞ்சி காய்ச்சிக் காலையில் குடிப்பார்கள். தழையை நம் பக்கம் யாரும் சீந்துவதில்லை.

நேபாளத்தில்தான் இந்தக் காட்டுக்கொடியின் தண்டையே சாப்பிடுகிறார்கள். குரிலோ என்பார்கள். மழைக்குப் பின் முளைவிடும் இளந்தண்டைப் பறித்து வதக்குவது அங்கே சாதாரணம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒரு நமைச்சல். ஜெர்மன் விதையில் கிடைக்காத தண்டை வேலியில் பறித்துப் பார்த்தால் என்ன?

அடுத்த இடவப்பாதியில் போயிருந்தேன். தோண்டிய இடத்தில் சித்தி மீதி கட்டையைத் திரும்ப நட்டிருந்தார். மேட்டின் நடுவிலிருந்து நாலு தண்டுகள் எழும்பியிருந்தன. ஊதா கலந்த பச்சை, செதில் ஒட்டிய நுனி, பென்சிலைவிடச் சற்றே மெலிவு, முள் இன்னும் இறுகவில்லை. இரண்டை ஒடித்தேன். நகத்தால் அழுத்தி ஒடியும் இடம் வரைக்கும்தான் உணவு. அதற்குக் கீழே நார். வெட்டிய கணத்திலிருந்து தண்டு தன் சர்க்கரையை மூச்சுவிட்டே தீர்க்கத் தொடங்கும். காய்கறிகளில் இவ்வளவு வேகமாக மூச்சுவிடுபவை குறைவு. கடல் கடந்து வரும் கட்டு சப்பென்றிருப்பதற்கு அதுதான் காரணம். எங்கள் தண்டுக்கு வேலிக்கும் அடுப்புக்கும் இடையே இருபது எட்டு. தேங்காயெண்ணெயில் கடுகு தாளித்து, ஒரு சிட்டிகை உப்பு தூவி, மூன்று நிமிடம்.

கசப்பு இருந்தது, பாகற்காயில் பாதி. அதை மீறிப் பச்சைப் பட்டாணியின் வாசம். சித்தி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மிச்சமிருந்த இரண்டு தண்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்த ரெண்டையும் தொடாத. கெழங்குக்கு வேணும்."